வெர்னா போட்ட டிப்பி முட்டை

இடது கை முட்டையைக் கிண்ணத்தின் விளிம்பில் ஒரே தட்டாகத் தட்டியது. கல்லின் மேல் நேராக உடைத்து ஊற்றுவதில்லை. ஓட்டிலிருந்து முட்டை வழுக்கிக் கிண்ணத்தில் இறங்கியதும், வலது கை அந்தக் கிண்ணத்தைக் கல்லுக்கு ஒரு விரல் உயரம் வரை தாழ்த்தி மெல்லச் சாய்த்தது. உயரத்திலிருந்து விழுந்தால் மஞ்சள் கரு அதிரும். அதிர்ந்த மஞ்சள் அப்போது உடையாவிட்டாலும் தட்டுக்குப் போகும்போது உடையும். வெள்ளையின் ஓரம் பிடித்தது. விரல்கள் தண்ணீரில் நனைந்து முட்டையைச் சுற்றிச் சில துளிகளை உதறின. உடனே ஒரு தகர மூடி அதன் மேல் கவிழ்ந்தது. உள்ளே சீறல் எழுந்து, தணிந்து, நின்றது. மூடி எழுந்தபோது மஞ்சளின் மேல் பால் ஆடை போல ஒரு மெல்லிய வெள்ளை படர்ந்திருந்தது. தட்டைக் கரண்டி அடியில் நுழைந்தது. தட்டு அதை வாங்கிக்கொண்டது.

"ரெண்டு டிப்பி, யோசோவுக்கு!"

குரல் கொடுத்தவள் வெர்னா ஹுதாக். அந்தக் காலையில்தான் முதன்முதலாக அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றாள். அதுவரை அதே கடையில் தட்டுகளைச் சுமந்துகொண்டிருந்தாள்.

பிட்ஸ்பர்கிலிருந்து ஆற்றோடு மேலே வந்தால் இரும்பாலைகள் வரிசையாக நிற்கும். எங்கள் ஆலையின் கேட்டுக்கு எதிரே ஸ்டெலியோஸின் கடை. நான் அங்கே பின்கட்டில் தட்டுக் கழுவினேன். கவுன்டருக்கும் பின்கட்டுக்கும் நடுவில் ஒரு ஜன்னல் உண்டு. அழுக்குத் தட்டுகள் அந்த வழியாக எனக்கு வரும். எனக்குத் தெரிந்த உலகம் பெரும்பாலும் அந்த ஜன்னல் அளவுதான். ஆனால் முட்டையைப் பற்றித் தெரிந்துகொள்ள அது போதும். காய்ந்த மஞ்சள் கருவைப் போல ஒட்டிக்கொள்ளும் பொருள் வேறில்லை. வெந்நீரை ஊற்றினால் இன்னும் வெந்து இறுகும். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தால்தான் விடும்.

எங்கள் ஊரில் டிப்பி என்றால் ஒரே பொருள்தான். மஞ்சள் உடையக்கூடாது, இறுகவும் கூடாது. வாட்டிய ரொட்டியின் முனையால் குத்தினால் வழிய வேண்டும். அதில் தொட்டுத் தொட்டுத் தின்ன வேண்டும். இரவு முழுவதும் உலைக்கு முன்னால் வெந்துவிட்டு வெளியே வரும் ஆள் வேறெதையும் பெரிதாகக் கேட்பதில்லை. அதைச் சரியாகக் கொடுக்காவிட்டால் மட்டும் கடை இரண்டாகும்.

பழைய சமையல்காரர் எல்ஜினுக்குக் கை அவசரம், வாய் அதைவிட அவசரம். மூன்றில் ஒரு முட்டை உடைந்து போகும், இல்லையென்றால் ரப்பராகிப் போகும். அவர் கல்லுக்குப் பின்னால் பத்திரமாக இருப்பார். தட்டைக் கொண்டுபோய் வைக்கும் வெர்னாதான் திட்டு வாங்குவாள்.

"இது என்ன வெர்னா, முட்டையா, பூட்ஸ் அடியா?"

"நான் போட்டதில்ல கண்ணு. நான் தூக்கிட்டு வந்தேன், அவ்வளவுதான்."

"அப்ப தூக்கிட்டே போ."

அவள் தூக்கிக்கொண்டு போவாள். எல்ஜின் அவளைத் திட்டுவார். பல வருடம் இப்படியே ஓடியது.

வெர்னா எங்கள் பக்கத்துக்காரி அல்ல. பென்சில்வேனியாவின் கிழக்கே, சோளக்காடுகளுக்கு நடுவில், வீட்டில் டச்சு என்று சொல்லிக்கொள்ளும் ஒரு ஜெர்மன் பேசும் லூத்தரன் குடும்பத்தில் பிறந்தவள். பட்டாளத்திலிருந்து விடுமுறையில் வந்த ஆண்டி ஹுதாக் அவள் மாமாவின் சந்தைக் கடையில் ஒரு ஆப்பிள் வாங்கினான். மறுநாளும் வந்து ஒரு ஆப்பிள் வாங்கினான். அதற்கடுத்த நாள் வந்தபோது, "உனக்கு ஆப்பிள் பிடிக்குமா, இல்ல வேற எதாச்சும் வேணுமா?" என்று அவளே கேட்டுவிட்டாள். ஆண்டி ஸ்லோவாக், கத்தோலிக்கன், இரும்பாலைக்காரன். அவள் அப்பா ஒரு வாரம் பேசவில்லை. பிறகு, "சரி, சாப்பாட்டுக்குக் கூட்டிட்டு வா" என்றார். சாப்பிட வந்தவன் குழம்பில் ரொட்டியைத் தொட்டு வழித்துத் தின்றதைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

எல்ஜின் புளோரிடாவில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பப் போகிறார் என்று தெரிந்ததும் வெர்னா வீட்டில் பழக ஆரம்பித்தாள். காலையில் முட்டை, இரவில் முட்டை. ஆண்டி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். "வெர்னா, இன்னும் ஒரு வாரம் போனா நான் கொக்கரிப்பேன்" என்றான்.

"கொக்கரி. முட்டை வாங்கற வேலை மிச்சம்."

ஆனால் ஸ்டெலியோஸ் வேறு கணக்கில் இருந்தார். யங்ஸ்டவுனில் அவருடைய மைத்துனன் தாசோ ஒரு ஓட்டலில் சமைத்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை வந்து கல்லை ஏற்றுக்கொள்வதாகப் பேச்சு. வியாழக்கிழமை மத்தியானம் கடை ஓய்ந்திருந்த நேரத்தில் வெர்னா அவருக்கு முன்னால் போய் நின்றதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

"ஸ்டெல், கல்லை எனக்குக் கொடு."

"உனக்கா? உன்னை மாதிரி தட்டு தூக்கறவ எனக்கு எங்க கிடைப்பா?"

"என்கூடத் தட்டு தூக்கறாளே, பெர்னி, அவ தூக்குவா. நான் ஒருத்தன் உடைச்ச மஞ்சளுக்கு இத்தனை வருஷம் திட்டு வாங்கியாச்சு. இனிமே நான் உடைச்சாத் திட்டு வாங்கறேன்."

ஸ்டெலியோஸ் மீசையைத் தடவினார். "தாசோகிட்ட வான்னு சொல்லிட்டேனே. என் பொண்டாட்டியோட தம்பி. உனக்கு என் பொண்டாட்டியைத் தெரியும்."

"தெரியும். அதனாலதான் சொல்றேன். தம்பி உன் கடையில நின்னா, அக்கா தினமும் இங்க வருவா."

அவர் தடவுவதை நிறுத்தினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாளைக்கு வெள்ளிக்கிழமை" என்றார். "எல்ஜினும் இல்ல, தாசோவும் இல்ல. நீ நின்னு பாரு. தவக்காலத்துல எங்க கிரேக்கக் கோயில்ல முட்டையும் கூடாது, நான் தொடமாட்டேன், ருசி பாத்துச் சொல்ல முடியாது. தட்டு எப்படித் திரும்புதுன்னு பாக்கறேன். ரொட்டியால வழிச்ச தட்டா வந்தா கல்லு உனக்கு. மிச்சம் வச்சுத் திரும்பினா தாசோவுக்கு."

"எழுதிக் கொடுப்பியா?"

"நான் கிரேக்கன். சொன்னாப் போதும்."

"அதான் கேக்கறேன்" என்றாள் வெர்னா.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் ஊரில் அதன் எடையே தனி. ஸ்லோவாக், போலிஷ், குரோவாட், ருசின், ஐரிஷ், யாராயிருந்தாலும் அன்றைக்கு இறைச்சி கிடையாது. பேக்கன் இல்லை, ஹாம் இல்லை, சாஸேஜ் இல்லை. காலையில் வயிறு காய்ந்து வரும் ஆட்களுக்கு முட்டைதான். மற்ற நாளில் முட்டைக்குப் பக்கத்தில் எதாவது இருக்கும். முட்டை கொஞ்சம் சொதப்பினாலும் அது காப்பாற்றும். வெள்ளிக்கிழமை முட்டை தட்டில் தனியாக உட்கார்ந்து நம்மைப் பார்க்கும்.

வெர்னாவுக்கு இதெல்லாம் தெரியும். லூத்தரனாகப் பிறந்தாலும் இத்தனை வருடம் எங்களோடு வாழ்ந்தவள். விடிவதற்குள் வந்து, கல்லைச் சுரண்டித் துடைத்தாள். எல்ஜின் பேக்கன் கொழுப்பைச் சேர்த்துவைக்கும் காபி டப்பாவைக் கவுன்டருக்கு அடியில் தள்ளினாள். ஒரு சட்டியில் வெண்ணெயை உருக்கிக் கல்லின் ஓரத்தில் வைத்தாள். அதில் தோய்த்துக் கல்லில் தடவ, எப்போதும் கல்லுக்குப் பக்கத்தில் கிடக்கும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டாள்.

ஏழு மணிக்குச் சங்கு ஊதியது. கேட் திறந்தது. அடுத்த கணம் கவுன்டர் முழுக்கத் தோள்கள்.

முதல் ஸ்டூல் மெட்ரோ ஹால்கோவுடையது. ஆலையில் கிரேன் ஓட்டுகிறவர், எல்லோருக்கும் மூத்தவர், ருசின் கோயிலில் கொடி பிடிப்பவர். அவர் உட்காராத ஸ்டூலில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். அடுத்தது யோசோ, குரோவாட், வாயாடி. அன்றைக்கு மூன்றாவது ஸ்டூலில் ஒரு புது ஆள். உருளைக்கிழங்கு லாரி ஓட்டிக்கொண்டு ஒஹாயோவின் மறுகோடியிலிருந்து வந்தவன். பெயர் டுவேன். மூட்டைகளை இறக்கிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தான்.

"எனக்கு ரெண்டு முட்டை, லேசாத் திருப்பிப் போட்டு, ஓவர் ஈஸி. கூட ஹாம்" என்றான்.

கவுன்டர் முழுக்கத் தலைகள் அவன் பக்கம் திரும்பின.

"தம்பி" என்றார் மெட்ரோ. "இன்னிக்கு என்ன கிழமை?"

"வெள்ளி."

"ம்."

"நான் மெதடிஸ்ட். எங்களுக்கு இந்த நோன்பு இல்ல."

"அது உன் கஷ்டம். ஹாம் கிடையாது. முட்டையை டிப்பின்னு கேளு, கிடைக்கும்."

தட்டுகள் போக ஆரம்பித்தன. பெர்னி இரண்டு கையிலும் நான்கு நான்காகத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஸ்டெலியோஸ் கல்லாவை விட்டுவிட்டு என் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டார். முதல் தட்டு திரும்பி வந்தது. ரொட்டியால் வழித்த வழிப்பில் பூப்போட்ட விளிம்பு பளபளத்தது. அடுத்ததும் அப்படியே. அவர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு எனக்குத் தள்ளினார். எனக்கு அப்படி ஒரு சுலபமான காலை அதற்கு முன்னால் வாய்த்ததில்லை. கல்லுக்கு முன்னால் நின்ற வெர்னாவின் கழுத்து சிவந்திருந்தது. வாய் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

"வெர்னா, ஆண்டி எப்பிடி உயிரோட இருக்கான்? தினமும் இதைத் தின்னுட்டு எவன் வேலைக்குப் போவான்?" என்றான் யோசோ.

"அவன் வேலைக்குப் போறதே முட்டைக்குப் பயந்துதான்."

கை துடைக்கத் துண்டு எடுக்கலாம் என்று நான் திரும்பினேன். துண்டுக்குப் பக்கத்து ஆணியில் ஒரு பிரஷ் தொங்கிக்கொண்டிருந்தது. காம்பில் நீலத் துணி சுற்றிய பிரஷ். சுத்தமாக, காய்ந்துபோய்.

அது வெள்ளிக்கிழமைப் பிரஷ். எல்ஜினிடம் நூறு குறை இருந்தாலும் இதில் மட்டும் தவறமாட்டார். வியாழன் இரவு கல்லுக்குப் பக்கத்துப் பிரஷ்ஷைத் தூக்கி டப்பாவோடு வைத்துவிடுவார். வெள்ளி காலையில் நீலத் துணிப் பிரஷ்ஷை வந்து எடுத்துக்கொள்வார். பின்கட்டுக்காரனான எனக்கு அது தெரியும். முன்கட்டில் தட்டு தூக்கியவளுக்கு யாரும் சொன்னதில்லை. எல்ஜின் எதையும் யாருக்கும் சொல்கிற ஆள் இல்லை. இந்த வியாழன் இரவு பிரஷ்ஷை மாற்றிவைக்க அவரும் இல்லை, மத்தியானமே கிளம்பிவிட்டார்.

அப்படியென்றால் அவள் கையில் இருந்தது தினப்படிப் பிரஷ். அதன் மயிர்க்கால் ஒவ்வொன்றிலும் எத்தனையோ மாதத்துப் பேக்கன் கொழுப்பு ஊறிப்போயிருந்தது. அதைத்தான் வெண்ணெயில் தோய்த்துக் கல் முழுக்கத் தடவிக்கொண்டிருந்தாள்.

நான் பிரஷ்ஷை ஆணியிலிருந்து எடுத்து ஜன்னல் வழியாக அவளுக்குக் காட்டினேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டெலியோஸ் பக்கத்தில் நின்றிருந்தார். அவள் நீலத் துணியைப் பார்த்தாள். தன் கையில் இருந்ததைப் பார்த்தாள். பிரஷ்ஷை மூக்கருகே கொண்டுபோனாள்.

கல்லின் மேல் அப்போது ஆறு முட்டைகள் இருந்தன. கவுன்டரில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது. புகையும் இரும்புத் தூளும் அடைத்த மூக்குகள். இன்னும் அரைமணி நேரம் அப்படியே போட்டால் எல்லாத் தட்டும் வழித்துத் திரும்பும். கல் அவளுக்கு.

அவள் தட்டைக் கரண்டியால் புகைக்கூண்டின் மேல் ஓங்கி அடித்தாள்.

"எல்லாரும் கேளுங்க! தின்னறதை நிறுத்துங்க! இது பேக்கன் பிரஷ். வெண்ணெயில பன்னிக் கொழுப்பு கலந்துருக்கு. நான் பாக்கல. என் தப்பு."

ரொட்டித் துண்டுகள் காற்றில் நின்றன. ஒருவன் வாயில் போட்டதை மென்றுகொண்டே நிறுத்தினான். அதைத் துப்புவதா, விழுங்குவதா என்று அவன் கண்கள் இரண்டு பக்கமும் போயின.

"விழுங்கிட்டேன்" என்றான் யோசோ. "ரெண்டையும். பாவக் கணக்குல வருமா?"

"தெரியாமத் தின்னா வராது" என்றான் இன்னொருவன்.

"இப்பத் தெரிஞ்சுபோச்சே."

"இப்பத் தின்னாத்தான் வரும்."

"அட, கொழுப்பு இறைச்சியே இல்லன்னு ரோம்லயே சொல்லிட்டாங்கப்பா. வருஷக்கணக்காச்சு. எங்க சாமியார் பிரசங்கத்துல சொன்னாரு" என்று கடைசி ஸ்டூலிலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் மெட்ரோவைப் பார்த்தார்கள். அவருடைய தட்டில் ஒரு முட்டை முடிந்திருந்தது. இன்னொன்று முழுசாக இருந்தது. அவர் ரொட்டியைக் கீழே வைத்தார். தட்டை ஒரு விரலால் தள்ளினார்.

"ரோம்ல இருக்கறவங்க எங்க அம்மாவைப் பாத்ததில்ல" என்றார்.

ஒருவன் தன் தட்டைத் தள்ளினான். பிறகு அடுத்தவன். கவுன்டர் நெடுக மஞ்சளும் வெள்ளையும் மிச்சம் இருந்த தட்டுகள் வரிசையாக விளிம்புக்கு நகர்ந்தன. டுவேன் மட்டும் தின்றுகொண்டிருந்தான்.

ஸ்டெலியோஸ் கல்லுக்குப் பின்னால் ஓடினார். "உனக்குப் பைத்தியமா?" என்று தாழ்ந்த குரலில் சீறினார். அந்தக் குரல் எனக்குக் கேட்டால் கவுன்டருக்கும் கேட்டிருக்கும். "வாயை மூடிட்டு பிரஷ்ஷை மாத்தியிருக்கலாமே! யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"நீ லூத்தரன்!"

"மெட்ரோ லூத்தரன் இல்லையே, ஸ்டெல். இனிமே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் மூஞ்சியைப் பாத்துத் தட்டை நீட்டணும். எனக்குக் கல்லு வேணும். இப்பிடி வேணாம்."

அவர் கவுன்டரில் இருந்த தட்டுகளைக் காட்டினார். "பாத்தியா? பேசினது என்ன? மிச்சம் வச்சுத் திரும்பினா தாசோ."

"பாத்தேன்" என்றாள். கல்லின் மேலிருந்த ஆறு முட்டைகளையும் ஒரே வழிப்பாக வழித்துக் குப்பைத் தகரத்தில் தள்ளினாள். வெண்ணெய்ச் சட்டியை அப்படியே என் ஜன்னலில் வைத்தாள். வினிகரும் தண்ணீரும் கல்லில் விழுந்தன. வெள்ளை ஆவி குபீரென்று எழுந்து புகைக்கூண்டை மூடியது. சுரண்டும் செங்கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தாள். "கால் மணி நேரம் ஆகும்" என்று தோளுக்கு மேல் சொன்னாள். "போறவங்க போகலாம். யாரும் காசு வைக்க வேணாம். இருக்கறவங்களுக்கு வெண்ணெயில போட்டுத் தரேன்."

இரவு முழுவதும் நின்று வேலை பார்த்தவனுக்குக் காலையில் கால் மணி நேரம் என்பது சின்ன விஷயம் இல்லை. வீடு இருக்கிறது, படுக்கை இருக்கிறது. இரண்டு பேர் ஸ்டூலை விட்டு எழப் பார்த்தார்கள். மெட்ரோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உக்காருங்கடா. பெர்னி, காபி ஊத்தும்மா."

உட்கார்ந்தார்கள்.

டுவேன் தட்டை வழித்து முடித்துவிட்டு விரலை நக்கினான். "எனக்கு ஒண்ணு புரியல. இதுக்கு எதுக்கு டிப்பின்னு பேரு? எங்க ஊர்ல டிப்பின்னா கிறுக்குன்னு அர்த்தம்."

"இப்பத்தான் ஒருத்தி கிறுக்குப் பண்ணதைப் பாத்தியே" என்றார் ஸ்டெலியோஸ்.

"சும்மா இருங்க ஸ்டெல்" என்றான் யோசோ. "டிப்பின்னா தொட்டுக்கறது தம்பி. ரொட்டியைத் தொட்டுக்கற முட்டை. எங்க அம்மா குரோவேஷியாவுல இருந்தப்பவே இப்பிடித்தான் தின்னாங்க. நாங்கதான் இந்த ஊருக்குக் கொண்டுவந்தோம்."

"நீங்க கொண்டுவந்தது சளியும் அக்கார்டியனும்" என்றது கடைசி ஸ்டூல். "டிப்பி இங்கிலீஷ் வார்த்தைடா. உங்க அம்மாவுக்கு இங்கிலீஷ்ல வணக்கம் சொல்லவே பத்து வருஷமாச்சு."

"வெர்னாவைக் கேளுங்க" என்றாள் பெர்னி.

வெர்னா தேய்ப்பதை நிறுத்தாமலே பேசினாள். செங்கல்லின் சத்தத்துக்கு நடுவில் விட்டு விட்டு வந்தது. "எங்க வீட்டுல டுங்கென்னு சொல்லுவோம். நனைக்கறதுக்கு, தொட்டுக்கறதுக்கு. காபியில ரொட்டியை டுங்கெ. குழம்புல டுங்கெ. முட்டையில டுங்கெ. எங்க அப்பா டுங்கெ பண்ணாம சாப்பாட்டு மேசையை விட்டு எந்திரிச்சதே இல்ல. பள்ளிக்கூடத்துல டீச்சர், இங்கிலீஷ் பேசுங்கன்னாங்க. பசங்க எல்லாம் டங்க்னு சொல்ல ஆரம்பிச்சோம். டங்க்குக்கு டிப்புன்னும் இங்கிலீஷ்ல சொல்லலாம்ல? சின்னப் புள்ளைங்க வாயில டிப்பி ஆயிடுச்சு. எங்க அத்தை பசங்க எல்லாம் டிப்பி எக்குன்னுதான் அழுவானுங்க. இது நான் நினைக்கறது. வேற யாராச்சும் வேற மாதிரி சொல்லுவாங்க."

"அப்ப உங்க ஆளுங்கதான் கண்டுபிடிச்சாங்கங்கற" என்றான் யோசோ.

"உங்க அம்மாவும் தொட்டுத்தான் தின்னிருப்பாங்க யோசோ. முட்டை அவங்களோடது. பேரு மட்டும் எங்களோடது."

யோசோ அதை யோசித்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டான். டுவேனுக்கு இன்னும் தீரவில்லை. "சரி, உள்ள இருக்கற கருவுக்கு யோக்குன்னு ஏன் பேரு?"

பெர்னிக்கு அது தெரிந்திருந்தது. செய்தித்தாளின் குறுக்கெழுத்து அவளுக்குத் தினப்படி ஜெபம். "அந்தக் காலத்து இங்கிலீஷ்ல மஞ்சள்னு அர்த்தம். எல்லோவும் யோக்கும் ஒரு வயித்துப் புள்ளைங்க."

"எங்க பேச்சுல ஷோவ்தோக்" என்றார் மெட்ரோ. "அதுவும் மஞ்சள்தான்."

ஸ்டெலியோஸால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. கோபத்தில் இருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டார். "நீங்கெல்லாம் மஞ்சள்னு சொல்லிட்டு விட்டுட்டீங்க. நாங்க க்ரோகோஸ்னு சொல்லுவோம். குங்குமப்பூ! அந்த ராஜா வீட்டுப் பூவோட பேரு!"

"அதுவும் மஞ்சள்தானே ஸ்டெல்?"

"மஞ்சள்தான். ஆனா விலை ஜாஸ்தி."

கவுன்டர் சிரித்தது. மெட்ரோவும் மூக்கால் சிரித்தார். "எல்லாவனும் மஞ்சளை மஞ்சள்னுதான் சொல்றான்" என்றார். "அதை எதுல பொரிக்கறதுங்கறதுலதான் சண்டை."

அதற்குள் ஆவி அடங்கிவிட்டது. கல் மழை நனைத்த ஸ்லேட்டு போலக் கறுத்துச் சுத்தமாக இருந்தது. நான் நீலத் துணிப் பிரஷ்ஷையும் கழுவித் துடைத்த வேறொரு சட்டியையும் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். அவள் புது வெண்ணெயை வெட்டிப் போட்டாள். பன்றிக் கொழுப்பு போல வெண்ணெய் பொறுமைசாலி அல்ல. நுரைக்கும்போது முட்டையை விட்டால் வெள்ளை அடியில் கொப்பளிக்கும். நுரை அடங்கியபின் கொஞ்சம் தாமதித்தாலும் வெண்ணெய் கருகி முட்டைக்குச் சட்டை போட்டுவிடும். அவள் குனிந்து நுரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளோடு சேர்ந்து கவுன்டரும் பார்த்தது. ஸ்டூல் கிறீச்சிடக்கூட இல்லை.

ஸ்டெலியோஸ் மட்டும் கல்லைப் பார்க்கவில்லை. ஸ்டூல்களைப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, கரி படிந்த முகங்கள், காலி காபிக் கோப்பைகள். ஒரு ஸ்டூல்கூடக் காலியாக இல்லை. தாமதமாக வெளியே வந்த இரவு ஷிஃப்ட் ஆட்கள் இரண்டு பேர் கதவருகே நின்றுகொண்டு இடத்துக்குக் காத்திருந்தார்கள். அவர் மீசையைத் தடவினார். பிறகு சுவரில் இருந்த தொலைபேசிக்குப் போனார்.

கிரேக்கத்தில் சத்தமாகப் பேசினார். தாசோ என்ற பெயர் மட்டும் எனக்குப் புரிந்தது. எதிர்முனையும் சத்தமாகப் பேசியது. இடையில் ஒரு பெண்குரல், தாசோவின் மனைவியாக இருக்கும், அந்த முனையைப் பிடுங்கிக்கொண்டது போலிருந்தது. காதிலிருந்து குழலைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் எல்லோருக்கும் புரியவேண்டும் என்றே இங்கிலீஷுக்கு மாறினார்.

"சாப்பாட்டுக்கு வாங்க, ஞாயித்துக்கிழமை. குடும்பத்தோட வாங்க. சமைக்கறதுக்கு வர வேணாம். ஆள் இருக்கு." வைத்துவிட்டார். கவுன்டர் கைதட்ட ஆரம்பித்ததும் முறைத்தார். "எதுக்குக் கைதட்டறீங்க? தப்புப் பண்ணா கத்திச் சொல்றா. எனக்குக் காவலுக்கு ஆள் வைக்கற செலவு மிச்சம். அவ்வளவுதான்."

வெர்னா திரும்பவில்லை. அவளுக்குக் கேட்டது என்பது அவள் காது சிவந்ததில் தெரிந்தது. நுரை அடங்கியிருந்தது. கிண்ணம் தாழ்ந்தது. முதல் முட்டை இறங்கியது. பக்கத்தில் இரண்டாவது. ஓரம் பிடித்ததும் தண்ணீர்த் துளிகள், தகர மூடி. சீறல் எழுந்தது, தணிந்தது. அது நிற்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே மூடியை எடுத்தாள். கொழுப்பு கலக்காத வெண்ணெய்க்கு அந்த அவசரம் வேண்டும் என்று இந்த ஒரு முறையிலேயே தெரிந்துகொண்டுவிட்டாள் போலிருந்தது. இரண்டு மஞ்சளும் முட்டி நின்றன. கரண்டி அடியில் நுழைந்தபோது லேசாக ஆடின. உடையவில்லை.

பெர்னி தட்டை வாங்கக் கை நீட்டினாள். "நான் கொண்டுபோறேன்" என்றாள் வெர்னா.

ரை ரொட்டி இரண்டு துண்டை வாட்டி, வெண்ணெய் தடவி, மூலைக்கு மூலை வெட்டித் தட்டின் ஓரத்தில் வைத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கவுன்டரின் முதல் ஸ்டூலுக்கு முன்னால் வந்தாள்.

"மெட்ரோ, வெறும் வெண்ணெய்" என்றாள். "மோந்து பாத்துக்கோங்க."

பெரியவர் மோந்து பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றித் தொடைமேல் வைத்துக்கொண்டார். இரண்டு கையையும் கவுன்டருக்கு மேல் நீட்டி, அவள் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டார்.